32 கி.மீ. வேகத்தில் ஒரு ரேஸ் படம்

எங்கள் குறும்படத்துக்காக முதல் நாள் எடுத்த பைக் ரேஸ் காட்சியை அன்று மாலையே லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். விடியற்காலையில் இரண்டு பேர் பால் பாக்கெட் வாங்கப் போகிற மாதிரி இருந்தது. இத்தனைக்கும் வண்டி 60-ஐத் தொட்டிருந்தது. ஓட்டிய தம்பி இறங்கியபோது அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. திரையில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

"நாளைக்கு எண்பதுல போலாம்" என்றான் கேமரா பிடித்த நண்பன். எல்லாரும் தலையாட்டினோம். இயக்குநர் என்ற பெயரில் முதலில் தலையாட்டியவனே நான்தான். மெக்கானிக் அண்ணன் மட்டும் எழுந்து போய், வண்டியில் இருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எண்பதுன்னா எனக்கு வண்டி தர இஷ்டம் இல்ல தம்பி. வேற வண்டி பாத்துக்கோங்க."

வண்டி அவருடைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். சென்னையில் பைக் ரேஸ் என்று படம் எடுத்துவிட்டு அந்த வண்டி இல்லையென்றால் யாரும் மதிக்க மாட்டார்கள். 1985-லிருந்து 1996 வரை வந்த வண்டி, 98 சிசி, நூறு கிலோ சொச்சம் எடை. நின்றுபோய் இத்தனை வருஷமாகியும் சைலன்சர் சத்தத்தை வைத்தே திரும்பிப் பார்க்காமல் பெயர் சொல்கிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஆகவே வேறு வண்டி பார்க்க முடியாது. வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

இது எங்கள் 11 நிமிடக் குறும்படம் பற்றிய கதை. ஐந்து பேர், நான்கு நாள் படப்பிடிப்பு, 38,000 ரூபாய். அதில் பாதி லென்ஸ் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போனது.

முதலில் நான் எழுதிய கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு தாதா, ஒரு லட்ச ரூபாய் பந்தயம், தோற்றவனுக்குக் கத்திக்குத்து, நடுவில் ஒரு வண்டி தீப்பிடித்து எரியும். மெக்கானிக் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் தொண்ணூறுகளில் காமராஜர் சாலையில் நிஜமாகவே ரேஸ் விட்டவர். அதற்கு அடையாளமாக வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். மார்கழிக் குளிரில் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே பேசுவார். முழுவதும் கேட்டுவிட்டு, "இதுல ரேஸ் எங்க இருக்கு?" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் படமானது. ரேஸ் என்பது ஒன்றரை நிமிட வேலை. காத்திருப்பது இரண்டு மணி நேரம். டீக்கடை மூடும்வரை நிற்பார்கள். ரோந்து வண்டி ஒரு சுற்று போய்விட்டுத் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஒருவன் முனையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். கொடி கிடையாது, கைக்குட்டை வீசுகிற பெண் கிடையாது. யாராவது ஹாரன் அடித்தால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். முடிகிற இடம் ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க். ஜெயித்தவன் யார் என்பதில் பாதி நாள் சண்டையே வராதாம். ஏனென்றால் இரண்டு பேரும் உயிரோடு வந்துவிட்ட சந்தோஷத்தில் இருப்பார்கள். "ஜெயிச்சப்போ என்ன தோணும்ணா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வாய் காஞ்சு போயிருக்கும். தண்ணி எங்கன்னு தேடுவோம்" என்றார்.

கத்தியையும் தாதாவையும் அன்றே தூக்கிப் போட்டேன். புதிய கதை இவ்வளவுதான்: 19 வயதுப் பையன், அப்பாவின் ஆர்எக்ஸை இரவில் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறான். காத்திருக்கிறான். ரேஸ் தொடங்குகிறது, முந்துகிறான். பாதி வழியில் சைக்கிளில் ஒரு பெரியவர் சாலையைக் கடக்கிறார். இவன் ஆக்சிலேட்டரை விட்டுவிடுகிறான். மற்றவன் அதைக் கவனிக்காமலேயே போய்விடுகிறான். கிளட்ச் வயர் அறுந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்புகிறான். அடிதடி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

பையனுக்கு முதலில் 17 வயது என்றுதான் வைத்திருந்தேன். சட்டத்தைப் பார்த்தபிறகு மாற்றினேன். பொதுச்சாலையில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஓர் ஆண்டு, 10,000 வரை போகும். பையன் 18-க்குக் கீழே என்றால் 199ஏ பிரிவு அப்பா மேல் பாய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்து. அது வேறொரு நல்ல படம். ஆனால் 11 நிமிடத்தில் அடங்காது.

சரி, வேகத்துக்கு வருகிறேன்.

சாவி சட்டைப் பைக்குள் போன மறுவாரம், இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் நடக்கிறது என்று அண்ணனே அழைத்துப்போனார். 1990-இல் திறந்த பந்தயத் தளம் அது, ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்னால் சோழவரத்து பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடக்கும், அங்கே அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பார்வையாளர் பக்கம் நின்று பார்த்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நேர்ப்பாதையில் எங்கள் தம்பியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகத்தில் வருகிற வண்டிகள், தூரத்தில் இருந்து பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தன. சுற்றிலும் வெட்டவெளி. பக்கத்தில் எதுவும் இல்லாததால் வேகத்தை அளந்து பார்க்கக் கண்ணுக்கு ஆதாரமே இல்லை. திரும்பி வரும்போது ஒரு ஷேர் ஆட்டோ, காம்பவுண்டு சுவருக்கும் நின்றிருந்த லாரிக்கும் நடுவில் புகுந்து போனது. 40-இல்தான் போயிருக்கும். எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது.

எங்கள் படத்தில் இருந்த கோளாறு அதுதான். முதல் நாள் நாங்கள் அகலமான சாலையின் நடுவில் வண்டியை விட்டு, கேமராவைத் தலை உயரத்தில் வைத்து, தள்ளி நின்று எடுத்திருந்தோம். வேகமாகத் தெரிய வேண்டுமென்றால் சட்டகத்துக்குள் வண்டிக்கும் கேமராவுக்கும் நடுவில் ஏதாவது சரசரவென்று கடந்து போக வேண்டும்.

நாங்கள் எடுத்தது திருப்போரூர் தாண்டி ஒரு மனைப்பிரிவில். மனை விற்பதற்காகத் தார்ச்சாலை போட்டு, தெருவிளக்குக் கம்பம் நட்டு, விளக்கு மாட்டாமல் விட்ட இடம். வீடு ஒன்றுகூட வரவில்லை. உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிக் கடிதம் வைத்துக்கொண்டோம். இரண்டு பக்கமும் கேட் இருந்ததால் அடைத்துவிட்டால் ஆள் வர வழியில்லை. பொதுச்சாலையில் 'சும்மா ஒரு ஷாட்' என்று இறங்கவே இறங்காதீர்கள். அது படப்பிடிப்பு இல்லை, ரேஸ்தான். எங்கள் படத்தில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வருகிறது. ஆனால் ஓரமாக முக்காலி போட்டு, போகிற வருகிற வாகனங்களை மட்டும் எடுத்த காட்சி அது. அதில் எங்கள் வண்டி இல்லை.

அந்த விளக்குக் கம்பங்களும் மனை எண் எழுதிய எல்லைக் கற்களும் எங்களைக் காப்பாற்றின. கேமராவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினோம். கற்களுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, கற்கள் முன்னால் மங்கலாக ஓட, வண்டி பின்னால் போகிற மாதிரி எடுத்தோம். வண்டி 32-இல் போனது. ஸ்பீடாமீட்டர் முள்ளை வைத்துச் சொல்லவில்லை, பின்னால் வந்த வண்டியில் போன் கட்டி அளந்தோம். திரையில் பார்த்தபோது தம்பி, "ணா, இது நான்தானா?" என்றான்.

முதல் நாளின் இன்னொரு தப்பு ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமராவுக்குள் வெளிச்சம் விழுகிற நேரம். வெயில் அதிகம் என்று கேமரா நண்பன் ஷட்டரை 1/500 நொடிக்குக் கொண்டுபோய்விட்டான். சக்கரத்தின் ஸ்போக்ஸ் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கிற மாதிரி துல்லியமாக விழுந்திருந்தது. வேகம் என்பது கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிவது. ஷட்டரை 1/50-இல் வைத்து, வெளிச்சத்தைக் குறைக்க என்டி ஃபில்டர் மாட்டினோம். லென்ஸுக்குக் கூலிங் கிளாஸ் போடுவது மாதிரிதான். நாள் வாடகை 200 ரூபாய். எங்கள் பட்ஜெட்டில் இவ்வளவு பலன் தந்த வேறு செலவு இல்லை. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இரவில் தெருவிளக்கு, டியூப்லைட் வெளிச்சத்திலும் 1/50 வைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடாது.

இன்னும் வேகம் வேண்டிய இரண்டு மூன்று இடங்களில் எடிட்டிங்கில் 120 சதவீதத்துக்கு ஓட்டினோம். ஆசைப்பட்டு 150 வைத்துப் பார்த்தேன். சட்டைக் காலர் படபடக்கிற விதமே பொய் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிட்டது. சாப்ளின் நடக்கிற மாதிரி ஆகிவிடும். 120-ஐத் தாண்டாதீர்கள். அதுவும் சட்டகத்தில் வேறு மனிதர்கள் நடந்துகொண்டிருந்தால் வேண்டவே வேண்டாம்.

பெரியவர் சைக்கிளில் கடக்கிற காட்சிக்குத்தான் அதிகம் பயந்தோம். பெரியவராக நடித்தவர் என் மாமா, வயது 64. அவருக்கு வண்டியின் காற்றுகூடப் படக் கூடாது என்று அத்தை போனில் நிபந்தனை போட்டிருந்தார். இரண்டு வழிகளில் எடுத்தோம். ஒன்று, 200 எம்எம் லென்ஸ். தூரத்தில் இருக்கிற இரண்டு பொருளை ஒன்றோடொன்று ஒட்டவைத்த மாதிரி காட்டும். மாமா கடந்த இடத்துக்கும் வண்டி நின்ற இடத்துக்கும் நடுவில் நிஜத்தில் எழுபது அடி. திரையில் ஒரு முழம். இன்னொன்று, கேமராவை முக்காலியில் இறுக்கி அசையாமல் வைத்து, முதலில் மாமா மட்டும் கடந்தார். அவர் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபிறகு, அதே சட்டகத்தில் வண்டி மட்டும் போனது. எடிட்டிங்கில் இரண்டையும் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டினோம். இதில் ஒரே எதிரி நிழல். முதல் தடவை இரண்டுக்கும் நடுவில் டீ குடிக்கப் போய்விட்டோம். காலை வெயில் ஏறி, மாமாவின் நிழல் ஒரு நீளம், வண்டியின் நிழல் வேறு நீளம். மறுநாள் ஐந்தே நிமிடத்தில் இரண்டையும் முடித்தோம்.

ஹெல்மெட் ஒரு தலைவலி. தெருவில் ரேஸ் விடுகிறவன் பெரும்பாலும் போட மாட்டான். முகமும் தெரிய வேண்டும். ஆனால் ஓடுகிற வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் ஒரு அடிகூடப் போக மாட்டோம் என்று முடிவெடுத்திருந்தோம். அதனால் கதையிலேயே பையனுக்கு ஹெல்மெட் கொடுத்தோம். அப்பாவின் பழைய ஹெல்மெட், கண்ணாடி கீறல் விழுந்தது. முகம் தேவைப்பட்ட இடமெல்லாம் வண்டி ஓடவே இல்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு பேர் நீளக் கழியில் எல்இடி டியூப்பைக் கட்டிக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் ஓடினார்கள். ஒருவன் பின்சீட்டைப் பிடித்து லேசாக உலுக்கினான். ஒரு டேபிள் ஃபேன். பனி மாதிரித் தெரிய சாம்பிராணிப் புகை. வெளியே நின்று பார்த்தால் கோயில் திருவிழாவில் தீவட்டி பிடிக்கிற மாதிரி இருக்கும். மானிட்டரில் அது நள்ளிரவு, 90 கிலோமீட்டர்.

இரண்டாவது இரவு ரோந்து வண்டி வந்துவிட்டது. பக்கத்துக் கிராமத்தில் யாரோ, 'பசங்க ரேஸ் விடுறாங்க' என்று போன் செய்திருக்கிறார்கள். தப்பு எங்களுடையதுதான். காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்திருந்தோம், ஊரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடித நகலைக் காட்டினேன். உதவி ஆய்வாளர் நம்பாமல், "என்ன எடுத்தீங்க, காட்டுங்க" என்றார். கழியில் டியூப்லைட் கட்டி ஓடுகிற காட்சியைப் போட்டுக் காட்டினோம். சிரித்துவிட்டு, நிற்கிற வண்டிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை முதல் வேலையாக ஊருக்குள் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். அதன்பிறகு தினமும் நான்கைந்து சின்னப் பையன்கள் வேடிக்கை பார்க்க வந்து கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார்கள்.

விழுந்ததும் உண்டு. மூன்றாம் நாள் காலை, வளைவில், வெறும் 20-இல். இன்னொரு வண்டியான பல்சரை ஓட்டிய நண்பன் சறுக்கி, முழங்கை தேய்ந்தது. சட்டைக்குள் ஜாக்கெட் போட்டுக்கொள் என்று அவனிடம் மட்டும் சொல்ல மறந்திருந்தேன். காரணம் மணல், ஒரு கைப்பிடி அளவுகூட இருக்காது. முந்தின நாள் அதே வளைவைக் கூட்டிப் பெருக்கியிருந்தோம். ராத்திரிக் காற்றில் திரும்ப வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ஒருவன் தென்னந்துடைப்பத்தோடு அந்த வளைவை நடந்து பார்த்துவிட்டு வந்து கை தூக்கினால்தான் 'ஆக்‌ஷன்'. முதல் நாள் 60-இல் போனோமே, அன்று அந்த வளைவை யாருமே பார்க்கவில்லை. 60 என்றால் நொடிக்கு ஐம்பத்தைந்து அடி. 'ஐயோ மணல்' என்று நினைப்பதற்குள் அந்த ஐம்பத்தைந்து அடி போய்விடும். அதை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொரு ஏற்பாடும் அன்றுதான் செய்தோம். எந்த டேக்கும் முதலில் நடந்து, அப்புறம் 15-இல், அப்புறம்தான் உண்மையான வேகத்தில். ஓட்டுகிறவன் 'வேண்டாம்' என்றால் இயக்குநர் ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்காமல் இருப்பது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, மறைக்கவில்லை.

வண்டியில் கேமரா மாட்டும் சக்‌ஷன் மவுண்ட் வாடகைக்கு எடுத்தோம். டேங்கில் ஒட்டிய ஐந்தாவது நிமிடம் கழன்றது. ரப்பர் வெளுத்து வெடித்திருந்ததை வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். நைலான் கயிற்றால் தனியாக ஹேண்டில்பாரில் ஒரு முடிச்சுப் போட்டிருந்ததால் கேமரா தொங்கியது, சாலையில் விழவில்லை. ரப்பர் புதிதாக இருந்தாலும் அந்தக் கயிறு இருக்கட்டும்.

நம்பர் பிளேட்டை மனைப்பிரிவுக்குள் கழற்றிவிட்டோம். சும்மா ஒரு எண்ணை எழுதி ஒட்டினால் அது யாரோ ஒருவரின் வண்டியாக இருக்கும். பாவம், அவர் வீட்டுக்கு சலான் போகும். வெளியே வரும்போது திரும்ப மாட்டிக்கொண்டோம்.

சத்தம். இதற்கு நான் ஒதுக்கியது அரை நாள். எடுத்துக்கொண்டது ஆறு நாள். படம் பிடிக்கும்போது பதிவான சத்தத்தில் காற்றிரைச்சல்தான் இருந்தது. சரி, தனியாகப் பதிவு செய்யலாம் என்று அண்ணன் கடைக்குள் வண்டியை நிறுத்தி முறுக்கினோம். சைலன்சர் வாயருகே வைத்த மைக்கில் சத்தம் உடைந்து கரகரவென்று விழுந்தது. இரண்டடி தள்ளி, பக்கவாட்டில் வைத்ததும் சரியானது. ஆனாலும் படத்தோடு ஒட்டவில்லை. நின்றுகொண்டு முறுக்குகிற எஞ்சினுக்கும் ஆளைச் சுமந்து இழுக்கிற எஞ்சினுக்கும் குரல் வேறு. முன்னது கத்தும், பின்னது முக்கும். கடைசியில் ரெக்கார்டரைத் துணியில் சுற்றி, ஓட்டுகிறவனின் ஜாக்கெட்டுக்குள், முதுகுப் பக்கம் வைத்து, மனைப்பிரிவில் ஒவ்வொரு கியரிலும் தனித்தனியாக ஓட்டிப் பதிவு செய்தோம். கூடவே கிக்கர் உதைக்கிற சத்தம், செயின் ஓசை, கிளட்ச் பிடியின் 'டிக்'. சாலையோரம் ஒரு மைக்கை வைத்து வண்டி கடந்துபோவதையும் எடுத்தோம். நெருங்கும்போது கீச்சென்று வந்து, தாண்டியதும் சட்டென்று தணிகிற அந்த இறக்கத்தைக் கம்ப்யூட்டரில் செய்து பார்த்தேன், பொம்மை மாதிரி இருந்தது. புகை பளிச்சென்று தெரிய வேண்டிய ஒரு காட்சிக்கு பெட்ரோலோடு கலந்து எரிகிற 2டி ஆயிலைக் கொஞ்சம் கூட்டி ஊற்றினார் அண்ணன். நீலவெள்ளையாக அழகாக வந்தது. அப்புறம் பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டியதும் அவர்தான்.

எல்லாச் சத்தத்தையும் சேர்த்தபிறகு, அதில் பாதியை அழித்தேன். பெரியவர் கடக்கும்போது எஞ்சின் சத்தமே இல்லை. சைக்கிள் செயின் கவர் உரசுகிற 'கிர்ர் கிர்ர்' மட்டும். படம் பார்த்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

முதல் காட்சி அண்ணனின் கடையிலேயே. ஷட்டரைப் பாதி இறக்கி, லேப்டாப்பை டயர் அடுக்கின் மேல் வைத்து, எட்டுப் பேர் பார்த்தோம். ரேஸ் முடிந்ததும், கடையில் வேலை கற்றுக்கொள்ளும் பையன் என்னிடம், "அண்ணா, அந்த நேர்ரோட்ல எவ்ளோ போச்சு?" என்றான்.

"முப்பத்திரண்டு."

"சும்மா சொல்லாதீங்கணா." நம்பவே இல்லை. இன்றுவரை அவன் நம்பவில்லை.

அண்ணன் ஒன்றும் பேசாமல் ரேஸ் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கை மட்டும் துடைக்கிற துணியை இறுக்கிப் பிடித்திருந்தது. நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தார்.

"தம்பி, நீ கியர் மாத்துற சத்தம் நாலு வாட்டி வருது. அப்போ அஞ்சாவது கியர்ல போகுது வண்டி. ஆர்எக்ஸ்ல எத்தினி கியர்?"

"நாலு."

"அஞ்சாவது எங்க வாங்கின?"

அன்றிரவே வீட்டுக்கு வந்து அந்த ஐந்தாவது கியரை வெட்டி எறிந்துவிட்டு, மறுபடி ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்தேன்.